போய்வருகிறேன்

ஆகஸ்ட் மாதத்தின் முதல் இரு வாரங்களில், நள்ளிரவுக்குப் பிறகு, சென்னை விமான நிலையத்தின் பன்னாட்டு முனைய வாசலில் நின்றவர்கள் இருவகைப் புறப்பாடுகளைக் கண்டிருக்கலாம். முதலாவது, ஊர்கூடித் தேர் இழுப்பது போன்றது. வேன் பிடித்து வந்திருப்பார்கள். தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை, தோளில் சாய்ந்து தூங்கும் குழந்தைகள்; நடுவே நெற்றியில் விபூதியும் புதுச் சட்டையுமாக, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர முதன்முறையாகக் கிளம்பும் ஒரு பையனோ பெண்ணோ. படம் எடுப்பார்கள், அழுவார்கள், பெட்டியின் எடையைப் பற்றிக் கடைசி நிமிடம் வரை வாதிடுவார்கள். இரண்டாவது வகை எளிதில் கண்ணில் படாது. வாடகைக் காரிலிருந்து ஒருவர் இறங்குவார். தாமே தள்ளுவண்டியைத் தேடி எடுத்து வந்து பெட்டிகளை ஏற்றுவார். உடன் வந்த அப்பா, "உள்ள போனதும் ஒரு மெசேஜ் போட்ருப்பா" என்று சொல்லிவிட்டு அதே காரில் திரும்பிவிடுவார். எல்லாம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். விடுமுறைக்கு வந்த மாணவர் புதிய கல்வியாண்டுக்குத் திரும்பிப் போகிறார், அவ்வளவுதான்.

இந்த 'அவ்வளவுதான்' குறித்தே இங்கு எழுத நினைக்கிறோம். நாங்கள் நால்வர். வெவ்வேறு ஆண்டுகளில் அமெரிக்காவின் மேடிசன் நகரில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். ஒருவர் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர். எங்கள் கணக்குகளைக் கூட்டிப் பார்த்தால், அந்த இரண்டாம் வகைப் புறப்பாட்டைப் பதினொரு முறை செய்திருக்கிறோம். முதல் புறப்பாடுதான் வாழ்வை மாற்றுகிறது என்று எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். இப்போது யோசிக்கையில், மாற்றியது இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

காரணம் எளிது. முதன்முறை போகிறவருக்குத் தாம் எங்கே போகிறோம் என்று தெரியாது. அங்கே ஆசையும் அச்சமும் உண்டு. தேர்வு என்று பெரிதாக ஏதுமில்லை. மறுமுறை கிளம்புகிறவருக்கு மேடிசனின் ஜனவரி தெரியும். மெண்டோட்டா ஏரி உறைந்து, அதன்மேல் மனிதர்கள் சாலையில் நடப்பது போல நடந்துபோவதைப் பார்த்திருப்பார். மாலை நான்கரை மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில் யாரோடும் பேசாமல் கழிந்த ஞாயிற்றுக்கிழமைகள் நினைவிருக்கும். அதேபோல, வீட்டில் அம்மா மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்ளத் தொடங்கியிருப்பதையும் இந்தக் கோடையில் கண்டிருப்பார். இரண்டையும் அறிந்தபின், ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தம் கால்களாலேயே நடந்து போகிறார். புலம்பெயர்தல் என்று நாம் பெரிய சொல்லால் குறிப்பது உண்மையில் நிகழ்வது இந்த வாசலில்தான்.

விடைபெறுகையில் தமிழில் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் அங்கேயே நிறுத்தித் திருத்துவார்கள். 'போய்வருகிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். திரும்பி வருவதையும் சேர்த்து வாக்களித்த பிறகே நம் மொழி ஒருவரை வெளியே அனுப்புகிறது. முதல் புறப்பாட்டில் இச்சொல்லில் குழப்பமில்லை; போவது அங்கே, வருவது இங்கே. மே மாதத்தில் தேர்வுகள் முடிந்து மேடிசனில் அறைத்தோழரிடம் 'போய்ட்டு வரேன்' என்றோம். ஆகஸ்டில் சென்னையில் அம்மாவிடமும் 'போய்ட்டு வரேன்' என்றோம். இரண்டு ஊர்களுக்கும் ஒரே வாக்கைக் கொடுத்துவிட்டு இடையில் இருபத்துநான்கு மணிநேரம் ஆகாயத்தில் தொங்குகிறவர், எந்த ஊரின் மனிதர்?

கல்வி நிமித்தமான பிரிவு நம் இலக்கணத்துக்குப் புதிதன்று. தொல்காப்பியம் அதனை ஓதல் பிரிவு என்று தனியே வகுத்து, அதற்கு மூன்றாண்டு என எல்லையும் விதித்திருக்கிறது. கற்கப் போனவன் மூன்றாண்டுக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது காத்திருப்பவரின் பக்கம் நின்று சொல்லப்பட்ட விதி. இடையில் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டு மறுபடியும் போகிறவனைப் பற்றி அந்த விதிக்குள் பேச்சில்லை. தற்காலத் தமிழில் புலம்பெயர் எழுத்து வளமாகவே வளர்ந்திருக்கிறது. ஆயினும் நாங்கள் படித்தவரையில், கிளம்புதல் எழுதப்பட்டிருக்கிறது. பல்லாண்டுகள் கழித்துத் திரும்புதல் எழுதப்பட்டிருக்கிறது. பிறந்த மண்ணை நினைத்து ஏங்குவது வேண்டிய அளவுக்கு மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. கோடை விடுமுறை முடிந்து திரும்பிப் போவது ஒரு பொருளாகக் கருதப்பட்டதாகத் தெரியவில்லை.

இதற்கு வரலாற்றிலும் ஒரு காரணம் உண்டு. நம் முன்னோடிகளுக்கு இரண்டாம் புறப்பாடு என்ற ஒன்றே வாய்க்கவில்லை. கணிதமேதை இராமானுஜன் 1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறினார். உலகப்போரும் நோயும் இடைப்பட, 1919இல்தான் திரும்பினார். அடுத்த ஆண்டே மறைந்தார். வானியற்பியலாளர் சந்திரசேகர் 1930 ஜூலை இறுதியில், தமது பத்தொன்பதாம் வயதில், கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டார். அப்போது அவருடைய அன்னை நோயுற்றிருந்தார். மறு ஆண்டு மே மாதத்தில் அன்னை இறந்தபோது மகன் இங்கிலாந்தில் இருந்தார். முனைவர் பட்டம் பெற்று, டிரினிடி கல்லூரியின் ஆய்வாளர் தகுதியும் பெற்ற பின்னர், 1936இல்தான் அவர் தாய்நாடு வந்தார். அன்று கடலே விதியாக இருந்தது. வாரக்கணக்கில் கப்பலில் போகிறவரிடம், கோடைக்கு வந்துபோ என்று யாரும் கேட்கமாட்டார்கள். விமானம் வந்த பிறகே ஆண்டுக்கொருமுறை வந்துபோகும் மாணவர் என்ற புதிய பிறவி உருவானார். கடல் விலகிக்கொண்ட இடத்தில் வேறொன்று வந்து அமர்ந்ததைப் பிறகு சொல்கிறோம்.

அதற்கு முன் அந்தக் கோடையைப் பற்றிச் சிறிது. முதல் வாரம் பிடித்ததையெல்லாம் சமைத்துப் போடுவார்கள். இரண்டாம் வாரம் உறவினர் வீடுகள். மூன்றாம் வாரத்தில், நம் அறையில் நம்முடைய மேசைமீது தையல் இயந்திரம் ஏறியிருப்பதைக் கவனிப்போம். குளியலறையில் நமக்கென்று ஒரு புதுத் துண்டு மடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்த மடிப்பு விருந்தினருக்குரியது. தண்ணீர் மோட்டாரை எப்போது போடவேண்டும், பால்காரர் மாறியது, பக்கத்து வீட்டுச் சண்டை என எதுவும் தெரியாது. தெரியாது என்பதை வீட்டார் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்வார்கள். அந்தப் பெருந்தன்மைதான் உறுத்தும். நான்காம் வாரம் யாருக்கும் தெரியாமல் கைபேசியில் மேடிசனின் வானிலையைப் பார்த்துக்கொண்டிருந்ததை எங்களில் மூவர் ஒப்புக்கொண்டோம். நான்காமவர் ஒப்புக்கொள்ளவில்லை; பார்த்திருப்பார் என்றே நம்புகிறோம்.

பெட்டிகளும் மாறிவிடுகின்றன. ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ என்பது பல விமானங்களில் பொதுவான கணக்கு. முதன்முறை அந்தக் கணக்கில் குக்கர், தோசைக்கல், பருப்புப்பொடி, காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் மாத்திரைகள். கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் கொண்டுபோகக் கூடாது, எலுமிச்சை இனத்து மரங்களை அழிக்கும் பூச்சி அதில் தங்கும் என்று சொன்னால் அம்மா நம்பமாட்டார். மறுமுறை குக்கர் அங்கே இருக்கிறது. பருப்பும் பொடியும் அங்கேயே கிடைக்கின்றன என்று தெரிந்துவிட்டது. காலியான கிலோக்களில் நாங்கள் புத்தகங்களை ஏற்றினோம். ஊரில் இருந்தவரை தொட்டுப் பார்க்காத நாவல்களை, திரும்பிப் போகும்போது தேடித்தேடி வாங்கினோம். இலக்கிய வாசகர்களாக நாங்கள் ஆனதே இந்தப் பெட்டிகளால்தான் என்றால் மிகையில்லை.

போய்ச் சேர்ந்தால் அங்கே நமக்கு முன்பே போன புத்தகங்கள் இருந்தன. 1960களில், இந்தியாவுக்கு அளித்த உணவு தானியத்துக்கு ஈடாகச் சேர்ந்த ரூபாயைக் கொண்டு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்திய மொழி நூல்களை வாங்கித் தன் நாட்டின் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. அப்படிப் பெற்றவற்றுள் விஸ்கான்சினும் ஒன்று. மேடிசனின் பெரிய நூலகத்தில், ஆளரவமற்ற அடுக்குகளுக்கிடையே, பழுப்பேறிய தமிழ் நூல்களைக் கண்ட நாளை நாங்கள் மறக்கவில்லை. கோதுமைக்காகப் போன அந்த நூல்கள் ஒருவழிப் பயணிகள். அவற்றுக்கு விசா தேவைப்படவில்லை. திரும்பி வரவும் இல்லை.

விசா என்றதும், கடல் விலகிய இடத்தில் அமர்ந்தது எதுவென்று வாசகர் ஊகித்திருப்பீர்கள். அமெரிக்காவில் படிப்போருக்கு இரண்டு தாள்கள் முக்கியம். கடவுச்சீட்டில் ஒட்டப்படும் எஃப்-1 விசா, நாட்டுக்குள் நுழைவதற்கு மட்டும். பல்கலைக்கழகம் தரும் ஐ-20 என்ற படிவம், உள்ளே தங்கிப் படிப்பதற்கு. உள்ளே இருக்கையில் விசா காலாவதியானால் குற்றமில்லை, படிப்பைத் தொடரலாம். ஆனால் ஒருமுறை வெளியே வந்துவிட்டால், மறுபடி தூதரகத்தில் விண்ணப்பித்துப் புதிய விசா பெற்றால்தான் திரும்ப முடியும். ஐ-20இலும் பயணத்துக்கான கையொப்பம் ஓராண்டுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும். இந்திய மாணவர்களுக்கு விசா ஐந்தாண்டுகள் வரை வழங்கப்பட்டு வந்திருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வு ஐந்தாண்டில் முடிந்தால் அதிர்ஷ்டம். ஆறும் ஏழும் சாதாரணம். ஆக, படிப்பின் மிகக் கடினமான கட்டத்தில், ஊரில் பெற்றோர் மிகவும் மூப்படைந்திருக்கும் வேளையில், கதவு ஒருபக்கம் மட்டும் திறப்பதாக மாறிவிடுகிறது. இருக்கலாம், போனால் வரமுடியுமா என்பது தெரியாது. 'போய்வருகிறேன்' என்ற சொல்லின் பின்பாதி ஓர் அதிகாரியின் மேசைக்குப் போய்விடுகிறது.

நம்மைவிடக் கடுமையாக இதனை அனுபவித்தவர்கள் உண்டு. ஈரானிய மாணவர்களுக்கு 2011 வரை ஒரே ஒருமுறை நுழையும் விசாதான் வழக்கமாகக் கிடைத்தது. சேர்ந்த நாள் முதல் பட்டம் பெறும் நாள் வரை வீட்டுக்குப் போகாதவர்கள் அவர்களில் பலர். 2017 ஜனவரி 27ஆம் தேதி ஏழு நாட்டவர்க்கு எதிராகப் பிறப்பிக்கப்பட்ட ஆணையால், விடுமுறைக்குப் போயிருந்த மாணவர்கள் வழியிலேயே தடுக்கப்பட்டார்கள். இதனை அமெரிக்காவின் தனிக்குணம் என்று முடிவுகட்டவும் வேண்டாம். 2020 தொடக்கத்தில் சீனாவின் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து வீடு வந்த இந்திய மாணவர்கள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர், 2022 ஆகஸ்ட் இறுதியில் சீனா மாணவர் விசாவை மறுபடி வழங்கத் தொடங்கும்வரை திரும்ப முடியவில்லை. நோயாளியின் கையைத் தொட்டுக் கற்க வேண்டியதைக் கைபேசித் திரையில் கற்றார்கள். தமிழகத்து மாணவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

2025இன் கோடை எங்களுக்கு மிக அருகில் வந்தது. ஏப்ரலில், அமெரிக்க அரசின் மாணவர் பதிவேட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோரின் பதிவுகள் நீக்கப்பட்டு, வழக்குகளுக்குப் பின் அம்மாத இறுதியில் மீட்கப்பட்டன. மே 27 அன்று மாணவர் விசா நேர்காணல்களுக்குப் புதிதாக நாள் ஒதுக்குவது நிறுத்தப்பட்டது. ஜூன் 18 அன்று, சமூக ஊடகப் பக்கங்களைப் பொதுவில் திறந்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மீண்டும் தொடங்கியது. எங்களில் இன்னும் படித்துக்கொண்டிருப்பவருக்கு அது ஆறாம் ஆண்டு. விசா முந்தைய ஆண்டே காலாவதியாகியிருந்தது. காரைக்குடியருகே அவருடைய அப்பத்தா படுத்த படுக்கையாக இருந்தார். போகலாம்; செப்டம்பருக்குள் திரும்ப முடியாவிட்டால் கற்பித்தல் உதவியாளர் பணி போகும், அதோடு கட்டணச் சலுகையும் போகும், ஆய்வும் நிற்கும். கேட்டவர்கள் அனைவரும் 'இப்போது போகாதே' என்றார்கள். ஊரிலிருந்தும் அதையேதான் சொன்னார்கள். "வந்து என்னய்யா பண்ணப் போற, படிப்பப் பாரு" என்றார் அவருடைய அப்பா. ஜூலையில் அப்பத்தா போய்ச் சேர்ந்தார். நீர்மாலை எடுத்து வருவதை, யாரோ ஒருவர் கையில் நடுங்கிய கைபேசியின் வழியே, மேடிசனில் அதிகாலை இரண்டு மணிக்கு அவர் பார்த்தார்.

இதை எழுதி அனுப்புவதற்கு முன் அவரிடம் படித்துக் காட்டினோம். கேட்டுவிட்டு அவர் சொன்னதை அப்படியே சேர்ப்பதுதான் நேர்மை. மூன்றாம் ஆண்டு அவருடைய விசா செல்லுபடியாகத்தான் இருந்ததாம். அந்தக் கோடையிலும் அவர் போகவில்லை. ஒரு கருத்தரங்கு இருந்தது. பயணச்சீட்டு விலை கூடுதலாக இருந்தது. உண்மையில் போக அவ்வளவாகத் தோன்றவில்லை. "தாள் இருந்தப்ப மனசு இல்ல. மனசு வந்தப்ப தாள் இல்ல. எல்லாத்தையும் தாள் மேல போட்டு எழுதாதீங்க" என்றார்.

ஆகவே எங்கள் கருத்தை இருபக்கமும் பார்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. யாரை உள்ளே விடுவது என்பது ஒரு நாட்டின் அதிகாரம், இதை மறுக்கவில்லை. ஆனால் ஆறாண்டுப் படிப்புக்கு அழைத்துவிட்டு ஐந்தாண்டு நுழைவைத் தருவது அதிகாரமன்று, கவனக்குறைவு. பிரிட்டனில் மாணவர் விசா படிப்பின் காலத்தை ஒட்டியே தரப்படுகிறது, செய்யக்கூடாத காரியமில்லை. பல்கலைக்கழகங்களும் 'பயணத்தைத் தவிர்க்கவும்' என்று மின்னஞ்சல் அனுப்புவதோடு தம் கடமை தீர்ந்ததாகக் கருதுகின்றன. வீட்டில் ஒரு மரணம் நேர்ந்து, விசாவுக்காக ஒரு மாணவர் சில வாரங்கள் பிந்த நேர்ந்தால், அவருடைய பணியும் கட்டணச் சலுகையும் காத்திருக்கும் என்று எழுத்தில் உறுதி தரலாம். அதற்கு எந்த நாட்டின் சட்டத்தையும் திருத்த வேண்டியதில்லை.

இது வசதி படைத்தவர்களின் கவலை என்று சிலர் சொல்லக்கூடும். வீட்டை அடமானம் வைத்துக் கல்விக்கடன் வாங்கிப் போனவர்களே இன்று மிகுதி. அவர்களுக்கு விசா இருந்தும் பயணச்சீட்டு இல்லை. கோடையில் கிடைக்கும் மூன்று மாதச் சம்பளம் வட்டிக்குப் போகிறது. அவர்களிடம் 'ஊருக்குப் போ' என்று உபதேசிக்க எங்களுக்குத் தகுதியில்லை. போக முடிந்தும் போகாமல் இருந்தவர்களுக்கு, அதாவது எங்களைப் போன்றவர்களுக்கு, ஒன்று சொல்லலாம். தாள் இருக்கும்போதே போய்வாருங்கள். மேசைமீது தையல் இயந்திரம் இருந்தால் இருக்கட்டும். விருந்தினராக ஒரு மாதம் இருப்பது, திரையில் பார்ப்பதைவிட மேல்.

விஸ்கான்சினில் இலையுதிர்காலப் பருவ வகுப்புகள் செப்டம்பர் 1ஆம் தேதிக்குப் பிறகே தொடங்கவேண்டும் என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. ஆனால் நாங்கள் எல்லோரும் ஆகஸ்ட் 15க்குள் திரும்பிவிடுவோம். மாணவர் குடியிருப்புகளில் பெரும்பாலானவற்றின் பழைய வாடகை ஒப்பந்தம் 14ஆம் தேதி முடியும். புதியது 15ஆம் தேதிதான் தொடங்கும். இடைப்பட்ட ஓர் இரவு, நகரத்தின் மாணவர்களில் பாதிப்பேருக்கு வீடு கிடையாது. தெருவோரமெங்கும் சோபாக்கள், மேசை விளக்குகள், மெத்தைகள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். முதலாண்டு மாணவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் தூக்கி வருவார்கள். திரும்பி வந்தவர்கள், மூட்டைப்பூச்சி இருக்கும் மெத்தை எது என்று சொல்லித் தருவார்கள். அப்படியொரு இரவில், சிகாகோவிலிருந்து மூன்று மணிநேரம் பேருந்தில் வந்து, பெட்டிகளோடு நடைபாதையில் நின்ற எங்களில் ஒருவரிடம், அன்று காலைதான் முதன்முறையாக வந்திறங்கிய திருச்சிப் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணா, நீங்க எப்ப ஊருக்கு வந்தீங்க?"

எந்த ஊரைக் கேட்கிறான் என்று ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு, "இப்பத்தான் தம்பி" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கை எடுத்து அவனிடம் நீட்டினார். இருவரும் யாரோ தெருவில் விட்டுப்போன சோபாவில் அமர்ந்து அதைத் தின்று முடித்தார்கள்.

இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் ஆண்டுதோறும் இப்படிப் போய்வந்தவர்கள் பலர் இருப்பீர்கள். உங்கள் இரண்டாம் புறப்பாட்டை எழுதுங்கள். முதலாவதை எழுத வேண்டியதில்லை. அதைத்தான் எல்லோரும் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.